அண்டர்டேக்கரும் கேனும் அண்ணன் தம்பியா? கேஃபேப் என்ற சொல்லுக்கு ஓர் எளிய விளக்கம்

திருப்பூரில் நான் படித்த பள்ளியில், மதியச் சாப்பாடு முடிந்து தூக்குப்போசியை மூடிவைத்த கையோடு நாங்கள் எடுப்பது, தொலைக்காட்சியில் வரும் டபிள்யூ.டபிள்யூ.எஃப் (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ) மல்யுத்த வீரர்களின் படம் போட்ட சீட்டுக்கட்டைத்தான். ஒவ்வொரு சீட்டிலும் படத்துக்குக் கீழே ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், மோதிய ஆட்டங்கள், வென்ற ஆட்டங்கள் என்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஒருவன் ஓர் எண்ணைச் சொல்வான். எதிரில் இருப்பவனின் எண் அதைவிடக் குறைவாக இருந்தால் அவனுடைய சீட்டு கைமாறும். அண்டர்டேக்கர் ஏழு முறை செத்துப் பிழைத்தவர் என்று ஒருவன் சத்தியம் செய்வான். "எல்லாம் டூப்புடா, என் அண்ணன் சொன்னான்" என்று இன்னொருவன் மறுப்பான். அந்த வழக்கு ஒருநாளும் தீர்ந்ததில்லை.

அண்மையில் என் அண்ணன் மகன் அதே வழக்கை என்னிடம் கொண்டு வந்தான். "சித்தப்பா, இது நிசமா, டூப்பா? அண்டர்டேக்கரும் கேனும் அண்ணன் தம்பியா, இல்லையா?" என்று கேட்டான். கேன், அண்டர்டேக்கரின் தம்பியாகக் காட்டப்பட்ட இன்னொரு வீரர். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொன்னால் இரண்டில் எதைச் சொன்னாலும் அது தவறாகவே இருக்கும். நிசத்துக்கும் டூப்புக்கும் நடுவே மல்யுத்தத் தொழிலுக்கென்றே ஒரு சொல் இருக்கிறது. அதுதான் கேஃபேப். மேடையில் நடப்பது முன்கூட்டியே பேசி முடிவு செய்யப்பட்டது என்பதை வெளியே காட்டிக்கொள்ளாமல், மேடையிலும் மேடைக்கு வெளியிலும் அதை உண்மை என்றே கொண்டு நடந்துகொள்ளும் தொழில் வழக்கத்துக்குக் கேஃபேப் என்று பெயர். இந்த ஒரு சொல் பிடிபட்டுவிட்டால், புதிதாகப் பார்க்க வருபவர்கள் வரலாறு பற்றியும் பாத்திரங்கள் பற்றியும் விற்பனைப் பொருள்கள் பற்றியும் கேட்கிற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை தானாகக் கிடைத்துவிடும்.

கேஃபேப் என்ற சொல், அமெரிக்காவில் ஊர் ஊராகக் கூடாரம் அடித்த கேளிக்கைக் குழுக்களின் மறைமொழியிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. மறைமொழி என்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த அமெரிக்கக் கூடாரங்களில் ஒரு மல்லர் நின்றுகொண்டு, தன்னோடு இத்தனை நிமிடம் தாக்குப்பிடிப்பவருக்குப் பரிசு என்று அறைகூவுவார். கூட்டத்திலிருந்து எழுந்து வருபவர் சில நேரம் உள்ளூர்க்காரராக இருப்பார்; சில நேரம் குழுவே கூட்டத்தில் உட்கார்த்தி வைத்த ஆளாக இருப்பார். பந்தயப் பணம் புழங்கிய இடமாதலால், யார் யாருடைய ஆள் என்பது வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பே போய்விடும். கேஃபேப் அந்தத் தேவையில் பிறந்தது.

அப்படியானால் மல்யுத்தம் ஏன் முழுக்க முழுக்க நிசமான போட்டியாகவே நீடிக்கவில்லை என்று கேட்கலாம். இதற்கு நம் நாட்டு மல்லர் ஒருவர் ஆடிய ஆட்டமே நல்ல சான்று. 1910 செப்டம்பரில் லண்டனில் காமா பயில்வானும் போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவும் மோதினார்கள். காமாவை வெல்ல முடியாது என்று உணர்ந்த ஸ்பிஸ்கோ, தரையில் குப்புறப் படுத்துத் தற்காத்துக்கொண்டே இருந்தார். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் அப்படியே போய், ஆட்டம் வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் மோத வேண்டிய நாளில் ஸ்பிஸ்கோ வரவே இல்லை. வல்லமையில் இருவரும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் காசு கொடுத்து வந்து உட்கார்ந்தவர்களுக்குப் பார்க்க என்ன இருந்தது? நிசமான மல்யுத்தத்தின் இடர் அதுதான். 1920களில் அமெரிக்காவில் எட் லூயிஸ் என்ற புகழ்பெற்ற மல்லரும், அவருடைய மேலாளர் பில்லி சாண்டோவும், டூட்ஸ் மாண்ட் என்பவரும் சேர்ந்து ஆட்டத்துக்கு நேர வரம்பு வைத்து, கண்ணைப் பறிக்கும் வீச்சுகளையும் தூக்கி எறிதல்களையும் கோத்து, முடிவையும் தாங்களே தீர்மானித்து ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். இன்று நாம் பார்ப்பது அந்த வழியில் வந்த கலை. கலை என்று நான் தெரிந்தேதான் சொல்கிறேன்.

முடிவு தீர்மானிக்கப்பட்டது என்பதற்காக வலி தீர்மானிக்கப்பட்டது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மேடை என்பது இரும்புச் சட்டங்களின் மேல் பலகை பாவி, அதன்மேல் மெல்லிய மெத்தையை விரித்து, கித்தான் துணியால் இழுத்துக் கட்டிய தளம். அதன்மேல் விழுவதற்குப் பம்ப் என்று பெயர்; தொழில் கற்க வருபவர் முதலில் பழகுவது இதைத்தான். மோவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு, மூச்சை வெளியே விட்டு, முதுகின் மேற்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் தளத்தில் படும்படி விழ வேண்டும். அதே நொடியில் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துத் தளத்தில் அறைய வேண்டும். விழுகிற வேகம் உடல் முழுவதும் பரவிப் போவதால் ஓரிடத்தில் மட்டும் அடி இறங்குவதில்லை. அந்த அறையும் பலகையின் அதிர்வும் சேர்ந்து எழுப்பும் சத்தம்தான் கடைசி வரிசைக்குக் கேட்கிறது. மோவாய் மார்பை விட்டு விலகினால் பின்மண்டை தளத்தில் மோதும். பத்தாண்டு, இருபதாண்டு என்று வாரத்துக்குப் பல இரவுகள் இப்படி விழுந்தவர்களின் கழுத்தெலும்பும் முழங்காலும் என்ன ஆகும் என்பதை அவர்கள் ஓய்வு பெற்ற பிறகு நடந்து வரும் நடையே சொல்லிவிடும்.

1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க் நகரில் இரும்புக் கூண்டுக்குள் நடத்தப்பட வேண்டிய ஆட்டம் ஒன்று, கூண்டின் கூரையிலேயே தொடங்கியது. அண்டர்டேக்கர், மேன்கைண்ட் என்ற பாத்திரத்தில் நடித்த மிக் ஃபோலியைக் கூரையிலிருந்து சுமார் 16 அடி கீழே இருந்த வர்ணனையாளர் மேசையின் மீது எறிந்தார். இது இருவரும் பேசி வைத்துக்கொண்டது. ஃபோலி தூக்குப் படுக்கையிலிருந்து எழுந்து மறுபடியும் கூரைக்கு ஏறினார். இந்த முறை அவரைக் கூரையின் மேலேயே வீழ்த்தியபோது, கம்பி வலைத் தட்டு பெயர்ந்து அவர் நேராக மேடைக்குள் விழுந்தார். இது யாரும் பேசி வைக்காதது. பல் உடைந்து வாயெல்லாம் இரத்தமான நிலையிலும் அவர் ஆட்டத்தை முடித்தார், முன்பே பேசி வைத்தபடி தோற்றார். யார் தோற்பது என்பது மட்டுமே அன்று எழுதப்பட்டிருந்தது.

இப்படிப்பட்ட நேரங்களுக்காகவே நடுவருக்கு ஓர் அடையாளம் உண்டு. பொதுவாக நடுவரின் வேலை, எத்தனை நிமிடம் மிச்சம் இருக்கிறது என்பதைக் காதுக்கருவியில் கேட்டு வீரர்களிடம் தாழ்ந்த குரலில் சொல்வது, அவர்களுக்கு இடையே செய்தி கொண்டுபோவது, காயம் பட்டிருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவைதாம். உண்மையான காயம் என்று தெரிந்தால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறி போலக் குறுக்கே வைத்துக் காட்டுவார். சில நேரம் கதைக்காகவும் அதைக் காட்டியிருக்கிறார்கள் என்பது உண்மை. எனக்கு அது உவப்பானதல்ல. 1999 மே 23 அன்று கான்சாஸ் சிட்டியில் ஓவன் ஹார்ட் உயரத்திலிருந்து கயிற்றில் இறங்கி வர வேண்டிய காட்சியில் கொக்கி விடுபட்டு விழுந்து இறந்தபோது, இது நிகழ்ச்சியின் பகுதி அல்ல என்று வர்ணனையாளர் ஜிம் ராஸ் தொலைக்காட்சி பார்த்தவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டி வந்தது. எல்லாவற்றையும் உண்மை என்றே காட்டிப் பழகிய ஒரு தொழிலில், உண்மையிலேயே உயிர் போகும்போது அதை நம்ப வைப்பதற்குத் தனியாகப் பாடுபட வேண்டியிருந்தது.

இனிப் பாத்திரங்களைப் பார்க்கலாம். கதையில் நல்லவராக வருபவரை ஃபேஸ் என்றும், கெட்டவராக வருபவரை ஹீல் என்றும் சொல்வார்கள். ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறுவது டர்ன். அண்டர்டேக்கரின் இயற்பெயர் மார்க் கலவே. அவர் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன்காரர். ஆனால் அறிவிப்பாளர் அவருடைய ஊரை டெத் வேலி என்றே சொல்வார். 1997 அக்டோபரில் அவருடைய ஆட்டத்தில் கூண்டுக் கதவைப் பிய்த்துக்கொண்டு வந்த கேன், தீவிபத்தில் இறந்துவிட்டதாக நம்பப்பட்ட தம்பி என்று கதை சொன்னது. கேனாக நடித்தவர் கிளென் ஜேக்கப்ஸ். இருவருக்கும் இரத்த உறவு எதுவும் இல்லை. ஜேக்கப்ஸ் 2018இல் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ் கவுண்டிக்கு மேயரானார். ஜப்பானிய சுமோ வீரராகக் காட்டப்பட்ட யோகோசுனா, சமோவா வழிவந்த அமெரிக்கர். எங்கள் சீட்டுக்கட்டில் தனித்தனி ஆட்களாக இருந்த மேன்கைண்ட், கேக்டஸ் ஜாக், டூட் லவ் மூவரும் ஒரே மிக் ஃபோலிதான். இதையெல்லாம் விட எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு: அண்டர்டேக்கரின் அருகில் அஸ்திக் கலசத்தை ஏந்தி நின்ற குண்டு மேலாளர் பால் பேரர், நிச வாழ்க்கையில் இறந்தவர்களின் உடலைப் பதப்படுத்தி அடக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் தொழிலைப் படித்துச் செய்தவர்.

அவர்கள் அண்ணன் தம்பி இல்லை என்று சொன்னதும் என் அண்ணன் மகனின் முகம் வாடிவிட்டது. அவனுக்கு நான் நம் கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையை நினைவூட்டினேன். எங்கள் அப்பிச்சியின் ஊரில் உடுக்கடிப் பாட்டு இரவு இரவாக நடக்கும். பொன்னரும் சங்கரும் கடைசியில் படுகளத்தில் சாயப்போகிறார்கள் என்பது கூடியிருக்கும் கைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் அந்த இரவு வரும்போது பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். சிலர் படுகளம் விழுந்து பிணம்போலக் கிடப்பார்கள். தங்கை தங்காள் அண்ணன்மாருக்கு உயிர் கொடுக்கும் கட்டத்தில் தீர்த்தம் தெளித்து எழுப்பிய பிறகுதான் எழுந்திருப்பார்கள். அங்கே இருப்பது பக்தி, இங்கே இருப்பது வியாபாரம். இரண்டையும் ஒன்றாக்க நான் துணியமாட்டேன். ஆனால் முடிவு தெரிந்தும் நெஞ்சு பதைக்கிற அந்தக் கேட்கும் முறை நமக்குப் பழகியதுதான். படுகளத்தில் அழுகிற ஆத்தாவிடம் போய் "இது முன்பே முடிவானதுதானே" என்று சொல்பவன் விவரம் தெரிந்தவன் ஆகிவிடமாட்டான்.

மல்யுத்தக்காரர்கள் இந்த வழக்கத்தை எவ்வளவு கடுமையாகக் காத்தார்கள் என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் போதும். 1984 டிசம்பரில் ஜான் ஸ்டாசல் என்ற தொலைக்காட்சி நிருபர், டேவிட் ஷூல்ட்ஸ் என்ற வீரரிடம் இதெல்லாம் போலி என்று தான் நினைப்பதாகச் சொன்னார். ஷூல்ட்ஸ் அவரை இரண்டு காதிலும் அறைந்து தரையில் தள்ளினார். வழக்கு நடந்து, இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. 1987 மே மாதத்தில் நியூ ஜெர்சி நெடுஞ்சாலையில் போலீசார் ஒரு காரை நிறுத்தி, போதைப்பொருள் வைத்திருந்ததாக இருவரைப் பிடித்தார்கள். ஒருவர் அமெரிக்கக் கொடியோடு வரும் ஜிம் டகன், மற்றவர் அவருடைய பரம விரோதியான அயர்ன் ஷேக். மேடையில் ஒருவரையொருவர் கொல்லத் துடிப்பவர்கள் ஒரே வண்டியில் பயணம் செய்தது ஊருக்குத் தெரிந்துபோனதுதான் அலுவலகத்தில் பெரிய குற்றமாக எண்ணப்பட்டது. இருவரும் வேலையை இழந்தார்கள். கடைசியில் இந்த மதிலில் கதவைத் திறந்தவர் டபிள்யூ.டபிள்யூ.எஃப் நிறுவனத்தின் முதலாளியே. விளையாட்டுப் போட்டி என்று கணக்கிடப்பட்டால் மாநில ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்கும் கட்டணத்துக்கும் உட்பட வேண்டும் என்பதால், வின்ஸ் மக்மேனின் நிறுவனம் 1989இல் நியூ ஜெர்சி மாநில அரசிடம் இது கேளிக்கை நிகழ்ச்சிதான் என்று தெரிவித்தது.

வரலாறும் பாத்திரமும் விற்பனையும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை 1996ஆம் ஆண்டின் ஐந்து வாரங்கள் காட்டிவிடும். அந்த ஆண்டு மே 19 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், தொலைக்காட்சியில் வராத ஒரு நிகழ்ச்சி நடந்தது. கெவின் நேஷ், ஸ்காட் ஹால் என்ற இரண்டு வீரர்கள், தொழிலில் போட்டியாக இருந்த இன்னொரு நிறுவனத்துக்குப் போவதற்கு முன் அங்கே ஆடிய கடைசி இரவு அது. ஆட்டம் முடிந்ததும், அப்போதுதான் மோதிக்கொண்ட நேஷும் ஷான் மைக்கேல்சும், அவர்களோடு ஹாலும் டிரிபிள் எச்சும் மேடையில் கட்டித் தழுவிக்கொண்டார்கள். இருவர் ஃபேஸ், இருவர் ஹீல். நண்பர்கள் பிரியும்போது தழுவிக்கொள்வதில் தவறு என்ன என்று நமக்குத் தோன்றும். ஆனால் கேஃபேப் வழக்கப்படி அது மாட்டுச் சந்தைத் தரகர் பார்வையாளர் கண் முன்னே துண்டை விலக்கிக் காட்டியது போன்ற செயல். கூட்டத்தில் இருந்த ஒருவர் அதைப் படமும் பிடித்துவிட்டார். போய்விட்ட இருவரைத் தண்டிக்க முடியாது. மைக்கேல்ஸ் அப்போது சாம்பியன். ஆகவே தண்டனை டிரிபிள் எச்சின் தலையில் விழுந்தது. அடுத்த மாதம் அவருக்கு என்று வைத்திருந்த கிங் ஆஃப் தி ரிங் பட்டம், ஸ்டீவ் ஆஸ்டினுக்கு மாற்றப்பட்டது.

ஜூன் 23 அன்று மில்வாக்கியில் நடந்த அந்தப் போட்டியில், அரையிறுதியிலேயே ஆஸ்டினின் உதடு கிழிந்து மருத்துவமனைக்குப் போய்த் தையல் போட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. இறுதியில் அவரை எதிர்த்தவர் ஜேக் ராபர்ட்ஸ். அப்போது அவருடைய பாத்திரம் பைபிள் வசனம் பேசுவது. அமெரிக்க மைதானங்களில் யோவான் 3:16 என்று அட்டையில் எழுதிப் பிடிப்பது வழக்கம். ராபர்ட்சை வீழ்த்திய ஆஸ்டின், அந்த வசன எண்ணைத் தன் பெயரோடு சேர்த்து "ஆஸ்டின் 3:16" என்று சொல்லி, உன்னை நொறுக்கிவிட்டேன் என்ற பொருளில் முடித்தார். எழுதிக்கொடுத்த வரி அல்ல, அவரே சொன்னது. அடுத்தடுத்த வாரங்களில் கூட்டத்தில் அந்த எழுத்துகளோடு அட்டைகள் முளைத்தன. பிறகு கறுப்பு டி-ஷர்ட்டில் வெள்ளை எழுத்தாக வந்து, மல்யுத்த வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற சட்டைகளில் ஒன்றாகியது.

பனியன் ஊர்க்காரன் என்பதால் அந்தச் சட்டையை நான் வேறு கண்ணாலும் பார்க்கிறேன். ஒரே நிறம், மார்பில் எழுத்து மட்டும். அந்த எழுத்தை அச்சடிக்க ஒரு ஸ்க்ரீன் போதும், படம் பொருத்தும் வேலை இல்லை. ஆனால் கறுப்புத் துணியில் வெள்ளை மை ஒரே இழுப்பில் நிற்காது, சாம்பல் பூத்தாற்போல் தெரியும். பிரிண்டிங் பட்டறையில் முதல் முறை மையை இழுத்து, அனல் காட்டி மேலாக உலர்த்தி, அதன்மேல் இரண்டாம் முறை இழுத்த பிறகே பளிச்சென்று வரும். கடைசியில் மை முழுவதும் வேக ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் சூடு காட்டுவார்கள். அந்த வேக்காடு குறைந்தால் நாலு துவைப்பில் எழுத்து வெடித்துவிடும்.

விற்பனைப் பொருள்களும் கேஃபேப்புக்குள்தான் இயங்குகின்றன. சட்டை விற்றால் அந்த வீரருக்கும் அதில் ஒரு பங்கு போகும். ஆகவே தன் பாத்திரம் விரும்பப்படுவது அவருக்குப் பிழைப்பும்கூட. கெட்டவரின் சட்டையை யார் வாங்குவார்கள் என்பது பழைய கணக்கு. 1996 ஜூலையில் மஞ்சளும் சிவப்புமாக இருந்த ஹல்க் ஹோகன் அந்தப் போட்டி நிறுவனத்தில் ஹீலாக மாறி, நேஷோடும் ஹாலோடும் சேர்ந்து கறுப்பு வெள்ளையில் வந்ததும் அந்தக் கணக்கு உடைந்தது. வில்லன்களின் சட்டை அமோகமாக விற்றது. ஒரே ஆண்டில், இரண்டு நிறுவனங்களில், இரண்டு கறுப்புச் சட்டைகள். இன்றும் ஒரு ஹீலின் சட்டை நன்றாக விற்கத் தொடங்கினால் அவர் விரைவில் நல்லவராகப் போகிறார் என்று ரசிகர்கள் பேசிக்கொள்வது அதனால்தான்.

எங்கள் சீட்டுக்கட்டின் எண்களும் இதே வகைதாம். ஆந்த்ரே தி ஜெயன்ட் என்ற வீரரின் உயரம் 7 அடி 4 அங்குலம் என்பது அறிவிப்பாளர் சொன்ன உயரம். அளவு நாடா சொன்னதாக எண்ண வேண்டியதில்லை. சீட்டில் இருந்த "வென்ற ஆட்டங்கள்" எண்ணுக்கும் எந்தக் கணக்கேட்டோடும் தொடர்பு தேட வேண்டாம். பழைய பொருள்களில் டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்றும் புதியவற்றில் டபிள்யூ.டபிள்யூ.இ என்றும் இருப்பதற்குக் காரணம், உலக வனவிலங்கு நிதியம் அதே மூன்றெழுத்துக்காக வழக்காடி வென்றதும், 2002 மே மாதத்தில் நிறுவனம் பெயரை மாற்றிக்கொண்டதும்தான். பொம்மைகளுக்கு உரிமம் பெற்ற நிறுவனம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது: 1980களில் எல்.ஜே.என் செய்த ரப்பர் பொம்மைகள், 1990களின் முற்பாதியில் ஹாஸ்ப்ரோ, பிறகு ஜாக்ஸ் பசிபிக், 2010 முதல் மேட்டல். பெட்டியில் இருக்கும் பெயரை வைத்தே பொம்மையின் வயதை ஓரளவு கணிக்கலாம்.

என் அண்ணன் மகன் கடைசியாகக் கேட்டது, காதர்பேட்டையில் வாங்கும் அண்டர்டேக்கர் சட்டை ஒரிஜினலா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று. துணியைத் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது, நல்ல துணி இந்த ஊரில் எல்லோருக்கும் கிடைக்கும் என்றேன். கழுத்தின் உட்புறத்தையும் தொங்கும் அட்டையையும் புரட்டிப் பார்க்கச் சொன்னேன்: உரிமையாளரின் பெயரோடு பதிப்புரிமை வரியும், உரிமம் பெற்றுத் தைத்தவரின் பெயரும் அங்கே இருக்க வேண்டும். படம் மட்டும் இருந்து அந்த வரி இல்லையென்றால், அது உரிமம் இல்லாமல் அடித்த சட்டை. அவன் உடனே தான் போட்டிருந்த சட்டையின் கழுத்தை மடக்கி என்னிடம் காட்டினான். அளவு எழுதிய துண்டு லேபிள் மட்டும்தான் இருந்தது.